பாசியின் பெயருக்கு மூன்று சாட்சிகள்

பவளத்திட்டை ஒட்டிக் கிடக்கும் வெண்மணல் முழுவதும் பவளம் தந்தது என்றே பலரும் நினைக்கிறோம். பல திட்டுகளில் அந்த மணலின் பெரும்பங்கு, ஹாலிமீடா என்ற பச்சைப் பாசி உதிர்த்த வில்லைகள்தான். சப்பாத்திக்கள்ளியின் மடல்களைப் போல வில்லைமேல் வில்லையாக வளரும் இந்தப் பாசி, கடல்நீரின் கால்சியத்தை எடுத்து, அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகமாகத் தன் உடலுக்குள் படியவைக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் இப்படிக் குவிந்து உருவான மேடுகள் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருப்பதை, 2016இல் வெளியான லேசர் அளவீட்டு ஆய்வு காட்டியது. முந்தைய மதிப்பீட்டைப் போல இது மூன்று மடங்கு. கடலடியையே மாற்றியமைக்கும் இந்தப் பாசியில் எத்தனை சிற்றினங்கள் உண்டு என்ற கேள்விக்கு வெறுங்கண்ணால் விடை காண முடியாது. டிஎன்ஏ மட்டும் தனித்து நின்றும் விடை தராது. வெளித்தோற்றம், உள்ளமைப்பு, மரபணு ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்போதுதான் ஒரு சிற்றினத்தின் பெயர் உறுதிப்படுகிறது.

தோற்றம் ஏமாற்றிய வரலாறு நீண்டது. 1758இல் லின்னேயஸ் இவற்றில் ஒன்றைப் பதிவு செய்தபோது விலங்குகளின் பட்டியலில்தான் சேர்த்தார். ஹாலிமீடா என்ற பேரினத்தை 1812இல் லாமூரு நிறுவினார். அதன்பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒரே சிற்றினம் வெளிச்சமான ஆழமற்ற நீரில் ஒரு வடிவிலும், நிழலான ஆழத்தில் வேறொரு வடிவிலும் வளரும். அதனால் ஆய்வாளர்கள் உள்ளே பார்க்கத் தொடங்கினார்கள். வில்லையை நீர்த்த அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து, மெல்லிய குழாய்களின் பின்னல் மிஞ்சும். குறுக்குச் சுவரே இல்லாத ஒற்றைப் பெருஞ்செல்லின் கிளைகள் அவை. விளிம்பை நெருங்கும்போது குழாய்கள் சிறு பைகளாகப் புடைத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பாசியின் மேற்பரப்பாகின்றன. இரண்டு வில்லைகள் சேரும் கணுவில் குழாய்கள் எல்லாம் ஒன்றாய் இணைகின்றனவா, இரண்டு மூன்றாகச் சேர்கின்றனவா என்பது முக்கியமான அடையாளம். லெவெல்லியா ஹில்லிஸ்-கோலின்வோ 1980இல் வெளியிட்ட விரிவான நூல் இந்தப் பேரினத்தை ஐந்து பிரிவுகளாக வகுத்தது.

மரபணு ஆய்வு வந்தபோது அந்த வகைப்பாட்டிலும் விரிசல் தெரிந்தது. ஹாலிமீடா இன்கிராசாட்டா அட்லாண்டிக்கிலும் இந்திய, பசிபிக் கடல்களிலும் வளரும் ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பசுங்கணிக மரபணுவும் உட்கரு மரபணுவும் வேறு கதை சொன்னன. அந்தப் பெயர் அட்லாண்டிக் பாசிக்கு மட்டுமே பொருந்தும் என்று தெளிவானது. மற்றக் கடல்களில் அதே பெயரில் வழங்கிய பாசிகளிலிருந்து ஹாலிமீடா ஹெட்டரோமார்ஃபா, ஹாலிமீடா கனலோவானா என்ற இரண்டு புதிய சிற்றினங்கள் 2006இல் விவரிக்கப்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்குத் தனிப்பெயர் எதற்கு என்று கேட்கலாம். வேறுபாடு இல்லாமல் இல்லை. அளந்து பார்க்காததால்தான் அது தெரியவில்லை. மரபணு காட்டிய குழுக்களை வைத்துக்கொண்டு மறுபடி அளந்தபோது, வில்லையின் வடிவத்தைவிட மேற்பரப்புப் பைகளின் அளவும் கணுக்குழாய்களின் அளவும் நம்பகமாக இருந்தன. சுண்ணாம்பு ஏறாத நுனி வில்லையும் அடித்தண்டை ஒட்டிய வில்லையும் அளவுகளைத் திரித்துவிடும் என்பதும் தெரிந்தது. டிஎன்ஏவை நம்பினால் பெயர்கள் தேவையின்றிப் பெருகும் என்பது அடுத்த ஆட்சேபம். ஆனால் ஹாலிமீடா ஹெடராசியாவையும் ஹாலிமீடா டிஸ்டார்ட்டாவையும் மரபணுவால் பிரிக்க முடியாமல், இரண்டும் ஒரே சிற்றினம் என்று முடிவானது. பிரிக்கும் அதே கருவி சேர்க்கவும் செய்கிறது. அப்படியானால் டிஎன்ஏ மட்டுமே போதாதா? போதாது. ஒவ்வொரு பெயரும், அதை முதலில் சூட்டியவர் உலர்த்தி வைத்த மூல மாதிரியோடு கட்டுண்டது. பழைய மாதிரிகள் பலவற்றில் படிக்கத்தக்க டிஎன்ஏ எஞ்சியிருப்பதில்லை. புதிய பாசியை அவற்றோடு ஒப்பிட உள்ளமைப்பே வழி.

இதெல்லாம் நிபுணர்களின் வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. வளிமண்டலக் கரியமில வாயு கரைந்து கடல் அமிலத்தன்மை ஏறும்போது, அரகோனைட் படிவது கடினமாகிறது. 2011இல் வெளியான சோதனையில் ஹாலிமீடா ஒபுன்டியா சுண்ணாம்பை இழந்தது. ஹாலிமீடா டேனிகோலா புதிதாகச் சுண்ணாம்பைப் படியவைக்காவிட்டாலும், அதன் ஒளிச்சேர்க்கைத் திறன் மாறவில்லை. பெயர் பிழையானால், தாங்கும் பாசி எது, தேயும் பாசி எது என்ற கணக்கும் பிழையாகும். பவளத்திட்டின் நாளைய மணலைப் பற்றிய கணிப்பும் தவறிப்போகும்.

நம் பக்கத்துக் கடலுக்கும் இதில் பங்கு உண்டு. மன்னார் வளைகுடாவில் ஹாலிமீடா வளர்கிறது. ஹாலிமீடா கிராசிலிஸ் என்ற பெயரே 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் திரட்டிய மாதிரியைக் கொண்டு வந்ததுதான். இத்தகைய பெயருக்கு உரிய மரபணு எது என்று உறுதிசெய்ய, அதே கடலிலிருந்து புதிதாகத் திரட்டிய பாசி தேவை. ஒரு பகுதியைத் தாளில் ஒட்டியும், ஒரு பகுதியை உள்ளமைப்பு பார்க்கப் பதப்படுத்தியும், ஒரு துண்டை டிஎன்ஏவுக்காகச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தியும் வைத்தால், மூன்று சாட்சிகளும் ஒரே மாதிரியில் கிடைக்கும். கடலோர ஆய்வு மையங்களும் கல்லூரித் தாவரவியல் துறைகளும் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வடிவத்தை மட்டும் பார்த்து எழுதிய பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்க்க இதைவிட நேர்மையான வழி இல்லை.