கைத்தொழிலுக்கு ஒரு கடதாசி: வீட்டு மின்சார வேலைக்குச் சான்றிதழ் எடுப்பது எப்படி?



ஒவ்வொரு டிவிசனிலும் கரண்ட் வேலை தெரிந்த ஒரு தம்பி இருப்பார். பியூஸ் போய்விட்டது, பல்ப் எரியவில்லை, கோயில் திருவிழாவுக்கு லைட் கட்ட வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். கொழும்பில் ஒரு வயரிங் பாஸிடம் நாலைந்து வருஷம் உதவியாளாக நின்றிருப்பார். இல்லாவிட்டால் ஸ்டோரில் எலக்ட்ரீசியனுக்குத் துணையாக நின்று, பார்த்தே பழகியிருப்பார். வேலை நன்றாகத் தெரியும். ஆனால் டவுனில் புது வீட்டு வேலை கேட்டுப் போனால், "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் அவர் கையுதவி ஆள்தான். சம்பளமும் அதற்குத் தக்கதுதான்.

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவனுக்கு யாரு சான்றிதழ் தரப்போறாங்க?" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது தவறான எண்ணம். கையில் இருக்கும் வேலைக்கே சான்றிதழ் வாங்க நம் நாட்டில் வழி இருக்கிறது.

என்ன சான்றிதழ்?

இதற்குத் தேசிய தொழில் தகைமை என்று பெயர். என்.வீ.கியூ. என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இந்த முறையை நடத்துகிறது. இதில் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். எலக்ட்ரீசியன் வேலைக்கு நமக்குத் தேவை 3ஆம், 4ஆம் மட்டங்கள். 4ஆம் மட்டம் என்பது, பக்கத்தில் ஆள் நின்று சொல்லித் தராமல் தானே முழு வேலையையும் பொறுப்பேற்கக்கூடிய தேர்ந்த தொழிலாளி என்பதற்கான அடையாளம்.

கோர்ஸ் போகாமல் எடுக்கலாமா?

எடுக்கலாம். இரண்டு வழி இருக்கிறது. வேலை தெரியாத பிள்ளைகள் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்து எடுக்கலாம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்ற வழியில் நேராக மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எங்கே படித்தாய் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதுதான் அங்கே முக்கியம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை (நைட்டா) இதைச் செய்கிறது. அதன் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பப் படிவமும் கட்டண விபரமும் கேட்டு வாங்குங்கள். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதையும் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். இது ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்த தொழில் இல்லை.

எதைச் சேர்த்து வைக்க வேண்டும்?

முதலில் தேசிய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். ஒன்றில் ஒரு எழுத்தும் மற்றதில் வேறு எழுத்தும் இருப்பது நம்மவர்களிடம் சாதாரணம். சான்றிதழில் பெயர் பிழையாக அச்சானால் பிறகு அலைச்சல்தான். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, செய்த வேலைக்கு அத்தாட்சி. யாரிடம் வேலை செய்தீர்களோ அந்தப் பாஸிடம் எத்தனை வருஷம், என்ன வேலை என்று ஒரு கடிதம் கேளுங்கள். வயரிங் செய்த வீட்டுக்காரரும் கடிதம் தரலாம். செய்த வேலையின் படங்கள், பொருள் வாங்கிய பில், கையால் போட்ட வயரிங் படம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். இன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, திகதி, இடம், செய்த வேலை என்று எழுதத் தொடங்குங்கள். தோட்டத்துக்கு வரும் கடிதம் கை மாறிப் போவதுண்டு. ஆகவே எப்போதும் கையில் இருக்கும் டெலிபோன் நம்பரைக் கொடுங்கள்.

மதிப்பீட்டில் என்ன கேட்பார்கள்?

கேள்வியும் கேட்பார்கள், வேலையும் செய்யச் சொல்லுவார்கள். வேலை தெரிந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் "ஏன்?" என்ற கேள்வியில்தான். சில உதாரணங்கள்:

லைட்டுக்கு 1/1.13 வயர், பிளக்குக்கு 7/0.67 வயர் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன்? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2000 வொட் கேத்தல் ஒன்று கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் வட்ட முள் பிளக் தாங்கக்கூடியது 1150 வொட்தான். அதில் கேத்தலைப் போட்டால் பிளக்கும் வயரும் சூடேறும். இந்தக் கணக்கு வாயில் வர வேண்டும்.

சுவிட்ச் எப்போதும் கரண்ட் வரும் வயரில்தான் இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் அது சிவப்பு, புதியதில் மண்ணிறம். நியூட்ரல் வயர் பழையதில் கறுப்பு, புதியதில் நீலம். அந்த வயரில் சுவிட்சைப் போட்டால், சுவிட்சை நிறுத்தினாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்ப் மாற்றப் போனவரை அது அடிக்கும்.

ட்ரிப் சுவிட்ச் எதற்கு, சர்க்யூட் பிரேக்கர் எதற்கு என்பதும் முக்கியம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், கரண்ட் ஒழுகினால் நிறுத்தி ஆளைக் காப்பாற்றும். வயர் தாங்குவதைவிடக் கூடுதலாகக் கரண்ட் போனால் அதை நிறுத்துவது சர்க்யூட் பிரேக்கர். "ட்ரிப் சுவிட்ச் இருக்கே, பயமில்ல" என்று எத்தனை பிளக்கும் பூட்டக்கூடாது.

வேலை முடிந்ததும் எர்த் தொடர்ச்சியாக இருக்கிறதா, வயரின் உறை ஒழுகாமல் இருக்கிறதா, இணைப்பு மாறியிருக்கிறதா என்று கரண்ட் கொடுக்கும் முன் சோதிக்க வேண்டும். உறைச் சோதனையில் 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. கரண்ட் இல்லை என்று உறுதி செய்ய டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

ஏதாவது ஒரு பகுதியில் தேறவில்லை என்றால் மனம் விடாதீர்கள். "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்றுதான் அதற்குப் பொருள். பழகிக்கொண்டு திரும்ப வரலாம்.

லயத்தில் வேலை செய்யும்போது

லயத்தில் வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி இருக்கின்றன. ஒரு குசினியில் வயர் சூடேறிப் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்காது. வரிசை முழுக்க ஓடும். அதனால் பியூஸ் கம்பிக்குப் பதில் செப்புக் கம்பி முறுக்குவது, பக்கத்து வீட்டுக்கு ஸ்தோப்பு வழியாக வயர் இழுத்துக் கொடுப்பது, ஒரு ஹோல்டரில் மூன்று இணைப்பு எடுப்பது போன்ற வேலைகளை யார் கேட்டாலும் செய்யாதீர்கள். "சொந்தக்காரங்கதானே" என்று செய்து கொடுத்தால், பாதிக்கப்படப்போவதும் அதே சொந்தக்காரர்கள்தான்.

சான்றிதழ் இருந்தாலும் எல்லை உண்டு. தூண், தூணிலிருந்து வரும் வயர், மீட்டர் எல்லாம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குச் சொந்தம். மீட்டர் சீலை உடைப்பது குற்றம். லயத்து வயரிங்கை மாற்றுவதானால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள்.

சொந்தமாகத் தொழில் செய்ய

வியாபாரப் பெயர் வைத்துச் செய்ய விரும்பினால் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். வேலைக்கு முன் பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். காசு வாங்கினால் ரசீது கொடுங்கள். பாதியில் சண்டை வராமல் இருக்க இதுவே வழி.

ஒன்றை மறக்க வேண்டாம். தோட்டத்தில் பேர் விழுந்தால் சேமலாப நிதியும் கூடவே சேரும். சொந்தத் தொழிலில் அது இல்லை. இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையில் சுயதொழில் செய்வோருக்கான ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது அந்த விண்ணப்பப் படிவத்தை வாங்கி வரட்டும்.