காஸ் மேட்டின் மண்ணுக்குள் ஒரு பொறி

மழை ஓய்ந்து வெயில் தெளிகிற புரட்டாசியில், புனேயின் விமான் நகரிலிருந்து ஒரு நாள் நடைக்குக் கிளம்ப காஸ் மேட்டை விட நல்ல இடம் இல்லை என்பேன். சாத்தாராவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் ஒன்று. விடியுமுன் புறப்பட்டு காத்ரஜையும் கம்பாட்கி மலைப்பாதையையும் தாண்டிவிட்டால், காலைப் பனி விலகும்போது பூக்களுக்கு நடுவே நடக்கலாம்.

அக்காவும் தம்பியும் உடன் வந்தால் எனக்கு இன்னும் கொண்டாட்டம். அக்காவின் கண் மஞ்சள் சோன்கிப் பூவிலும் இளஞ்சிவப்புத் தேரடாப் பூவிலும் நிற்கும். தம்பி குனிந்து தேடுகிறவன். "அண்ணா, இதுக்கு இலையே காணோமே?" என்று அவன் காட்டியது விரல் நகத்தைவிடச் சிறிய ஊதாப் பூ. நூல் போன்ற காம்பு, உதடு விரித்தாற்போல் ஓர் இதழ், அதன் பின்னால் கூர்மையான சிறு கொம்பு. மராட்டியர்கள் இதைச் சீதையின் கண்ணீர் என்கிறார்கள். தாவரவியலில் இது யூட்ரிகுலேரியா. விலங்குண்ணும் செடி!

இதற்கு உண்மையான வேர் கிடையாது. ஈர மண்ணுக்குள் ஓடும் மெல்லிய தண்டுகளில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் குட்டிப் பைகள் இருக்கின்றன. பையின் சுவர் உள்ளிருக்கும் நீரை இடைவிடாமல் வெளியேற்றுகிறது. அதனால் உள்ளே அழுத்தம் குறைந்து சுவர் குழிந்துவிடும். மருந்துச் சொட்டியின் ரப்பர் குமிழை அழுத்திப் பிடித்திருப்பதைப் போன்ற நிலை. வாயில் நீர்க்கசிவில்லாத ஒரு கதவு. வழியில் போகிற நுண்ணுயிர் ஏதேனும் பட்டுக் கதவு உள்நோக்கித் திறந்துகொண்டால், அழுத்தம் சமமாகும் வேகத்தில் நீரும் இரையும் சேர்ந்து உள்ளே பாயும். கதவு உடனே மூடிக்கொள்ளும். செரிமான நொதிகள் இரையைக் கரைக்கும்; பை மறுபடி நீரை வெளியேற்றி அடுத்த வேட்டைக்குத் தயாராகும்.

டார்வின் 1875இல் வெளியிட்ட பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலில், சிற்றுயிர்கள் தலையால் முட்டித் தாமே உள்ளே நுழைவதாகவே கருதினார். உறிஞ்சல் பின்னரே தெரிந்தது. 2011இல் கிரெனோபிள் ஆய்வாளர்கள் நீரில் வாழும் இனம் ஒன்றை அதிவேகக் கேமராவில் பிடித்தபோது, இரை உள்ளே உறிஞ்சப்படுவது ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிவது தெரிந்தது. கண் இமைக்க இதைப் போல நூறு மடங்குக்கும் மேல் நேரமாகும்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? காஸில் பாறைமேல் கிடப்பது செம்பாறாங்கல் சிதைந்த மெல்லிய மண். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் மிகக் குறைவு. வெயிலிலிருந்து மாவுச்சத்தைச் செய்துகொள்ளும் இந்தச் செடி, மண் தராததை இரையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பைகள் மண்ணுக்குள் இருப்பதால்தான் தம்பியிடம் செடியைப் பிடுங்கிப் பார்க்கவேண்டாம் என்றேன். கண்ணாடி வில்லையால் பூவை மட்டும் பார்த்தோம். நடைபாதையை விட்டு ஒரு செருப்புக்கால் இறங்கினாலே ஈர மண் இறுகி, நீர் தங்கும் நுண்துளைகள் அடைபடும். ஐப்பசி முற்றுவதற்குள் மேடு காய்ந்துவிடும், செடி மடியும். தூசிபோன்ற அதன் விதைகள் அடுத்த ஜூன் மழைவரை கிடப்பது அந்த மண்ணில்தான்.