‘ஊசி போட்டா ரத்தம் கசியலாம்’னு டாக்டர் சொன்னால்... பக்கவாத சிகிச்சையில் கையெழுத்து போடலாமா?

“அண்ணா, டாக்டர் ஒரு ஃபார்ம் கொடுத்து கையெழுத்து கேக்கறாரு. ஊசி போட்டா மூளையில ரத்தம் கசிய வாய்ப்பு இருக்காம். போடச் சொல்லட்டுமா?”

அம்மா அப்பாவை கள்ளக்குறிச்சியில் விட்டுவிட்டு சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு போன் கால் எந்த நாளும் வரலாம். யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

அது என்ன ஊசி?

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைப்பது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. பெரும்பாலும் வருவது அடைப்புதான். சி.டி. ஸ்கேனில் கசிவு இல்லை என்று உறுதியானால்தான் அல்டிபிளேஸ் அல்லது டெனெக்டிபிளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைப் போடுவார்கள். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அப்புறம் ஏன் கசிகிறது?

மருந்துக்கு நல்ல கட்டி, கெட்ட கட்டி என்ற வித்தியாசம் தெரியாது. அடைப்பைக் கரைப்பதுபோலவே, உடம்பில் வேறெங்காவது காயத்தை மூடியிருக்கும் கட்டியையும் கரைத்துவிடும். ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் லேசாக ரத்தம் வருவது அதனால்தான். மூளையில் விஷயம் வேறு. ரத்தம் கிடைக்காமல் கிடந்த பகுதியில் குழாயின் சுவரே நைந்து போயிருக்கும். அடைப்பு திறந்து ரத்தம் பாயும்போது அங்கே கசியலாம். தாமதம் கூடக் கூட அந்த நைவும் கூடும்.

எத்தனை பேருக்கு?

இந்த சிகிச்சைக்கு வழி திறந்தது 1995-ல் அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்த ஆய்வு. 3 மணி நேரத்துக்குள் மருந்து போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு, நிலைமையை மோசமாக்கும் அளவுக்கு மூளையில் கசிவு வந்தது. போடாதவர்களில் அது 0.6 சதவீதம். பத்து மடங்கு! ஃபார்மைப் பார்த்து வீட்டார் பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அதே ஆய்வில் 3 மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து போட்டவர்களில் இறந்தவர்கள் 17 சதவீதம், போடாதவர்களில் 21 சதவீதம். பெரிய ஊனம் இல்லாமல் மீண்டவர்கள் போட்டவர்களிடையே தெளிவாகவே அதிகம். கசிவு வந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ‘ஊசி வேண்டாம்’ என்று சொல்வதும் ரிஸ்க்தான். அந்த ரிஸ்க்குக்கு யாரும் தனியாக ஃபார்ம் நீட்டுவதில்லை, அவ்வளவுதான்.

மலையிலிருந்து வருபவர்களுக்கு?

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் இது பெரிய மாற்றம். ஆனாலும் வெள்ளிமலையில் ஒருவருக்குக் கை கால் இழுத்துக்கொண்டால், வளைவுகளில் இறங்கி கச்சிராயப்பாளையம் வழியாகத்தான் கள்ளக்குறிச்சி வர வேண்டும். குக்கிராமம் என்றால் மெயின் ரோட்டைப் பிடிப்பதே ஒரு வேலை. மலை மக்களின் நிலை குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கிலும் சாலைப் பிரச்னை பேசப்பட்டது.

நாலரை மணி நேரத்தில் பாதி ரோட்டிலேயே போய்விடலாம். அதனால் முகம் கோணியதும், பேச்சு குழறியதும், ஒரு கை தூக்க முடியாமல் போனதும் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் இருக்கிற மருத்துவமனைக்கே நேராகப் போகக் கேட்க வேண்டும். பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று நின்றால் அங்கேயே நேரம் கரைந்துவிடும்.

டாக்டருக்கு என்ன சொல்ல வேண்டும்?

கசிவு ஆபத்தைக் குறைப்பதில் வீட்டாருக்கும் பங்கு இருக்கிறது. முதல் கேள்வி, ‘கடைசியாக எப்போது நல்லா இருந்தார்?’ ராத்திரி 10 மணிக்குப் படுத்தவர் காலை 5 மணிக்கு எழ முடியாமல் கிடந்தால், கணக்கு தொடங்குவது 10 மணியிலிருந்து. ‘இப்பதான் சார் வந்துச்சு’ என்று குறைத்துச் சொல்வது பாசம் இல்லை, ஆபத்து.

அடுத்தது மாத்திரை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசி டோஸ் எப்போது? அட்டையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும். சமீபத்தில் ஆபரேஷன், தலையில் அடி, வயிற்றில் ரத்தக்கசிவு இருந்ததா? முன்பு எப்போதாவது மூளையில் கசிவு வந்ததா? இதில் எதையும் மறைக்கக் கூடாது. தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் பயம் வேண்டாம். அது மட்டுமே ஊசிக்குத் தடை ஆகாது.

போட்ட பிறகு?

முதல் 24 மணி நேரம் முக்கியம். ரத்த அழுத்தத்தை 180/105-க்கு மேல் போகவிட மாட்டார்கள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கையைத் தூக்கச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். ‘தூங்கவே விட மாட்டேங்கறாங்க’ என்று சண்டை போடாதீர்கள், கசிவைக் கண்டுபிடிக்கிற வழியே அதுதான். திடீர் தலைவலி, வாந்தி, மயக்கம், தேறி வந்த கை மறுபடி தளர்வது: இதில் எது தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். மருந்து ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, மறுபடி ஸ்கேன் எடுத்து, கசிவு இருந்தால் ரத்தம் உறைய உதவும் மருந்து கொடுப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் 24 மணி நேரம் கழித்து ஒரு ஸ்கேன் உண்டு. அதில் கசிவு இல்லை என்றால்தான் வழக்கமாக ஆஸ்பிரின் தொடங்குவார்கள். அதுவரை வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரை எதையும், ‘தினமும் போடுறதுதானே’ என்று கொடுத்துவிட வேண்டாம்.