மூமலுக்கு ஒரு வாரிசு வேண்டுமா?

வயதான ஒரு பெண் குதிரையின் கருவை வேறொரு குதிரையின் வயிற்றில் வளர்க்க முடியும் என்கிறது விஞ்ஞானம். வளர்க்கத்தான் வேண்டுமா என்று தீர்மானிக்க ராஜஸ்தானின் ஒரு குடும்பத்துக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

விடிவதற்கு முன்பே லாயத்துக்குப் போய்விடுவது அந்தப் பெரியவரின் வழக்கம். மேற்கு ராஜஸ்தானில், லூனி ஆற்றின் மணற்படுகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அவரது பண்ணை. தலைப்பாகைக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவர் வரும் காலடி ஓசை கேட்டதும் கடைசித் தடுப்பிலிருந்து ஒரு தலை வெளியே நீளும். உள்நோக்கி வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் காதுகள். மார்வாரி இனத்தின் அடையாளம் அது. கண்களுக்கு மேலே மட்டும் குழி விழுந்திருக்கிறது. வயதின் அடையாளம் அது.

பெயர் மூமல். ராஜஸ்தானின் காதல் கதையில் வரும் இளவரசியின் பெயர். வயது 20. இரண்டு வயதில், லூனியின் வறண்ட மணலில் ஆண்டுதோறும் கூடும் தில்வாரா சந்தையில் வாங்கப்பட்டவள். மணல் புயலில் வழி தெரியாமல் போன ஓர் இரவில், தோள்பட்டை நழுவிக் கிடந்த எஜமானரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவள். அவருடைய மகள் குதிரையேற்றம் கற்றது இவள் முதுகில்தான்.

அந்த மகள் இப்போது கால்நடை மருத்துவப் பட்டதாரி. சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். "பாபோசா, மூமலிடமிருந்து இன்னும் ஒரு குட்டி எடுக்கலாம். அவள் சுமக்க வேண்டியதில்லை. வேறொரு குதிரை சுமக்கும்."

தந்தை பதில் சொல்லவில்லை. அவர் மௌனத்துக்குக் காரணம் இருந்தது. மூமல் மூன்று முறை ஈன்றிருக்கிறாள். முதல் குட்டி ஆண். விற்றாயிற்று, கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிறது. இரண்டாவது பெண்; உறவினர் ஒருவர் வீட்டில் வளர்கிறது. மூன்றாவது, மூமலின் 15-வது வயதில், இறந்தே பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. பசுவுக்கு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். குதிரைக்கு மூன்று மணி நேரம் தாண்டினாலே ஆபத்து. விஷம் ரத்தத்தில் கலந்தால் குளம்புக்குள் வீக்கம் கண்டு குதிரை நிற்கவே முடியாமல் போகும். பத்து நாட்கள் லாயத்திலேயே படுத்திருந்தார் பெரியவர். மூமல் பிழைத்தாள். இனி இவளைப் பொலிகுதிரையிடம் கொண்டுபோவதில்லை என்று அன்றே சபதம் செய்துவிட்டார்.

சபதத்தை மீறாமலே குட்டி பெறலாம் என்று இப்போது மகள் சொன்னார். அது கற்பனை அல்ல. ஹிசாரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு பிகானீரில் ஒரு கிளை உண்டு. அங்கே 2023 மே 19 அன்று ஒரு மார்வாரிப் பெண் குட்டி பிறந்தது. எடை 23 கிலோ. கருமாற்ற முறையில் பிறந்த முதல் மார்வாரிக் குட்டி என்பதால் ராஜ்-பிரதம் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்னொரு படி முன்னேறினார்கள். உறைய வைத்துப் பாதுகாத்த கருவிலிருந்து பிறந்த அந்தக் குட்டிக்கு, பனியை நினைவூட்டும்படி, ராஜ்-ஹிமானி என்று பெயர்.

மையத்தின் அவசரத்துக்குக் காரணம் எண்ணிக்கை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 6.2 லட்சம் இருந்தன. 2019-ல் அது 3.4 லட்சம். ஏழே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி காணாமல் போய்விட்டது. இவற்றில் மார்வாரி 33,267 மட்டுமே. சமஸ்தானங்கள் இருந்தவரை அரண்மனை லாயங்கள் இந்த இனத்தைக் காப்பாற்றின. சமஸ்தானங்கள் போன பிறகு அந்த வேலை சந்தையிடமும், லாபம் பார்க்காமல் குதிரை வளர்க்கும் குடும்பங்களிடமும் வந்து சேர்ந்தது.

கருமாற்றம் என்பது என்ன? குளிர் விலகி பகல் நீளத் தொடங்கியதும் பெண் குதிரை பருவத்துக்கு வரும். சுழற்சி 21 நாள். பொதுவாக ஒரு சுழற்சிக்கு ஒரே ஒரு சினைமுட்டை. அது முதிர்வதை ஸ்கேன் மூலம் தினமும் கண்காணித்து, சரியான நேரத்தில் செயற்கைக் கருவூட்டல் செய்வார்கள். கரு உருவானால் ஆறாவது நாள் வாக்கில் கருப்பைக்குள் இறங்கும். ஏழாவது அல்லது எட்டாவது நாள், மெல்லிய குழாய் வழியாக லிட்டர் கணக்கில் திரவத்தைக் கருப்பைக்குள் செலுத்தி, அதைத் திரும்ப வெளியே எடுத்து வடிகட்டுவார்கள். வடிகட்டியில் தங்கியதை நுண்ணோக்கியில் தேடினால், அதிர்ஷ்டம் இருந்தால், அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத ஓர் உருண்டை தென்படும். அதுதான் குட்டி.

அதை வாங்கிக்கொள்ள இன்னொரு குதிரை தயாராக இருக்க வேண்டும். இரண்டு குதிரைகளின் சுழற்சியும் ஓரிரு நாள் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போவதற்கு ஹார்மோன் ஊசிகள் போடுவார்கள். கரு ஒட்டிக்கொண்டால் அடுத்த 11 மாதங்கள் வாடகைத் தாயின் பொறுப்பு.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதான குதிரை என்று வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. குடும்பத்தினர் ஆலோசனை கேட்ட கால்நடை மருத்துவர் பூசி மெழுகவில்லை. ஆரோக்கியமான இளம் குதிரையிலேயே கழுவி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கரு கிடைப்பதில்லை. பாதிக்குச் சற்று மேல் கிடைத்தாலே நல்ல பலன். 15 வயதைத் தாண்டிய பிறகு அது வேகமாகக் குறைகிறது. பெண் குதிரையின் முட்டைகள் எல்லாம் அது பிறக்கும்போதே அதனிடம் இருப்பவை. குதிரைக்கு 20 வயது என்றால் முட்டைக்கும் 20 வயது. வாடகைத் தாயின் கருப்பை எவ்வளவு இளமையானதாக இருந்தாலும் முட்டையின் முதுமையை அது போக்கிவிடாது. கரு கிடைத்து, மாற்றிய பின்னும் முதல் சில வாரங்களில் கலைந்துபோகும் வாய்ப்பு அதிகம்.

வெளிநாடுகளில் வேறு வழியும் இருக்கிறது. ஊசி மூலம் சினைப்பையிலிருந்தே முட்டையை எடுத்து, ஆய்வகத்தில் ஒற்றை விந்தணுவை அதற்குள் செலுத்தி வளர்க்கிறார்கள். கருப்பை கெட்டுப்போன குதிரைகளுக்கு அது கைகொடுக்கிறது. அங்கேயும் முட்டை பழையதுதான்.

இதையெல்லாம் கேட்ட பெரியவர் மூன்று கேள்விகள் கேட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் பேச்சு இந்த மூன்றைச் சுற்றியே நடந்தது.

முதல் கேள்வி: மூமலுக்கு வலிக்குமா? பிரசவ ஆபத்து இல்லை என்பது உண்மை. வயதான குதிரைகளுக்குப் பிரசவத்தின்போது கருப்பையின் ரத்தக்குழாய் வெடித்து நிமிடங்களில் உயிர் போவதும் உண்டு. அந்தப் பயம் இதில் கிடையாது. ஆனால் அடிக்கடி ஸ்கேன், ஊசிகள், கூண்டுக்குள் நிற்க வைத்துக் கழுவுதல் எல்லாம் உண்டு. முன்பு புண்பட்ட கருப்பையில் மறுபடி தொற்று ஏற்படலாம். எனவே முதலில் பரிசோதனை. அதில் சரியில்லை என்று தெரிந்தால் அத்துடன் பேச்சு முடிந்தது. மகள் இதற்கு உடனே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி: பிறப்பது மூமலா? இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். குட்டியில் பாதி, பொலிகுதிரையுடையது. மீதிப் பாதியிலும் எந்தக் குணம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அச்சு அசலாக அதே குதிரை வேண்டுமென்றால் குளோனிங் இருக்கிறது. 2003-ல் இத்தாலியில் பிறந்த ப்ரொமெடியாதான் உலகின் முதல் குளோன் குதிரை. 2016-ல் அர்ஜென்டினாவின் போலோ வீரர் அடால்போ கம்பியாசோ, குவார்த்தேத்தேரா என்ற தன் அபிமானக் குதிரையின் ஆறு குளோன்களில் மாறி மாறி ஏறி அந்நாட்டின் பெரிய போட்டியில் வென்றார். ஆனால் மரபணு ஒன்றாக இருப்பதாலேயே அந்த மணல் புயல் இரவு குளோனின் நினைவில் இருந்துவிடுமா? "குட்டி வரும். மூமல் வர மாட்டாள்" என்று மருத்துவர் ஒரே வரியில் சொன்னார்.

அப்படியானால் இனத்துக்காகச் செய்யலாம் என்றார் மகள். மூமலின் நடை அப்படிப்பட்டது. ஏறியவரை அலுங்க விடாத, மார்வாரிகளுக்கே உரிய ரேவால் நடை. சுழிகளும் நல்ல இடத்தில் இருக்கின்றன என்று சேர்த்துக்கொண்டார் தந்தை. மாட்டுக்குச் சுழி பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். மார்வாரில் குதிரையின் விலையைச் சுழி தீர்மானிக்கும். சுழியில் மகளுக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் அன்றைக்கு அவர் மறுத்துப் பேசவில்லை.

இனத்துக்காக என்றால் வேறொரு சங்கடமும் எழுகிறது. மூமலின் பெண் குட்டி ஏற்கெனவே உறவினர் வீட்டில் இருக்கிறதே! இளமையானது, ஆரோக்கியமானது. அதை நல்ல பொலிகுதிரையுடன் சேர்த்தால் மூமலின் ரத்தம் எந்த ஊசியும் இல்லாமல் அடுத்த தலைமுறைக்குப் போகும். மருத்துவரும் அதையே சிபாரிசு செய்தார். "அது மாமா வீட்டுக் குட்டி, நம் வீட்டுக் குட்டி இல்லையே" என்றார் மகள். சொன்ன பிறகு, தான் இனத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது அவருக்கே புரிந்தது.

மூன்றாவது கேள்விதான் மகளை ஊமையாக்கியது. சுமக்கப்போகும் குதிரை எது? அதற்கு என்ன ஆகும்?

வாடகைத் தாய் என்றால் ஏதோ பாத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. பெரிய ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லாண்டையும் கலந்து வால்டன், ஹாமண்ட் என்ற விஞ்ஞானிகள் நடத்திய சோதனையின் முடிவு 1938-ல் வெளியானது. ஒரே கலப்புதான், ஆனால் பெரிய தாயின் வயிற்றில் வளர்ந்த குட்டி பெரிதாகவும் சிறிய தாயின் வயிற்றில் வளர்ந்தது சிறிதாகவும் பிறந்தது. கருப்பையின் இடவசதி குட்டியின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. அதோடு, குதிரைக் குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கிறது. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் அதைப் பெறுகிறது. அந்தச் சீம்பால் வாடகைத் தாயுடையது. மனிதரைக் கண்டு மிரள்வதா, நெருங்குவதா என்பதையும் குட்டி அவளைப் பார்த்தே பழகுகிறது. ஆனால் வம்சாவளியில் அவள் பெயர் இருக்காது. மூமலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பிரசவ ஆபத்தும் அவள் தலையில்தான் விழும்.

"மூமலை நான் கொன்றிருப்பேன் பாயிசா, அந்தப் பத்து நாளில்" என்றார் பெரியவர் மகளிடம். "அதே பாவத்தை, பேர் தெரியாத ஒரு ஜீவனிடம் கூலிக்கு விடச் சொல்கிறாயா?"

இளம், திடகாத்திரமான, ஏற்கெனவே நல்லபடியாக ஈன்ற குதிரைக்கு ஆபத்து மிகக் குறைவு என்று மகள் விளக்கினார். குறைவு என்பது இல்லை என்பதாகாது என்றார் தந்தை. இரண்டு நாட்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உலகமும் இதில் ஒருமனதாக இல்லை. பந்தயத்துக்கு வளர்க்கப்படும் தரோபிரெட் இனத்தில் கருமாற்றத்துக்கு மட்டுமல்ல, செயற்கைக் கருவூட்டலுக்கும் இடமில்லை. இயற்கையாகச் சேர்ந்து, பெற்ற தாயே சுமந்த குட்டிக்குத்தான் பதிவேட்டில் இடம். போலோ உலகம் நேர்மாறு. களத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரையின் ஆட்டம் கெடக் கூடாதே என்று அதன் கருக்களை அர்ஜென்டினாவில் வேறு குதிரைகள் சுமக்கின்றன. மார்வாரி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எண்ணிக்கை குறைந்துவரும் இனத்துக்கு இந்த நுட்பம் வரம்தான். ஆனால் நாலைந்து பிரபல குதிரைகளின் குட்டிகளே எங்கும் நிறைந்தால், எண்ணிக்கை கூடும்போதே இனத்தின் பல்வகைமை சுருங்கிவிடும்.

மகர சங்கராந்திக்குப் பிறகு ஒரு மாலை, பெரியவர் தன் கணக்குப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். முடிவைத் தன் கையாலேயே எழுதினார். மூமலுக்கு முதலில் பரிசோதனை. மருத்துவர் சரி என்றால், இந்தப் பருவத்தில் இரண்டு முறை மட்டும் முயற்சி. கிடைக்காவிட்டால் மூன்றாவது இல்லை. உறவினரிடம் பேசி மூமலின் மகளுக்கும் இதே பருவத்தில் இணை பார்ப்பது. கடைசியாக ஒரு நிபந்தனை: சுமக்கப்போகும் குதிரை வாடகைக்கு அல்ல, விலைக்கு. கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் அவள் இந்த லாயத்தை விட்டுப் போக மாட்டாள்.

மகள் படித்துப் பார்த்துவிட்டு, தாங்க முடியாத செலவு என்றார். "அப்படியானால் செய்ய வேண்டாம்" என்றார் தந்தை. மகள் கையெழுத்திட்டார்.

பகல் நீளத் தொடங்கிவிட்டது. மூமலின் பரிசோதனை முடிவு திருப்தி என்று வந்திருக்கிறது. அடுத்த தடுப்பில் ஆறு வயதுக் கபில நிறக் குதிரை ஒன்று புதிதாக நிற்கிறது. ஜாதி சொல்ல முடியாத கலப்பு. அகன்ற இடுப்பு. காதுகள் வளைந்து தொடுவதில்லை. ஒரு குட்டி ஈன்று நன்றாக வளர்த்தவள் என்று விற்றவர் சொன்னார். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நாங்கள் விடைபெற்ற காலையில் பெரியவர் வழக்கம்போல் வெல்லக் கட்டியுடன் வந்தார். கடைசித் தடுப்பிலிருந்து மூமலின் தலை நீண்டது. அவர் கட்டியை இரண்டாக உடைத்தார். பெரிய பாதியை மூமலுக்குக் கொடுத்தார். மற்றதை நீட்டியபடி புதியவளின் தடுப்பருகே போய் நின்றார். அவள் பின்வாங்கி நின்று, வெகுநேரம் யோசித்துவிட்டு, ஓரடி முன்னே வந்தாள்.