களத்திலிருந்து வருணனை அறைக்கு

நுழையும்முன்

தொலைக்காட்சியில் விளையாட்டைக் காண்போர் ஆட்டத்தை மட்டும் காண்பதில்லை. அதை விளக்கும் குரலையும் கேட்கின்றனர். அக்குரல் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவருடையதாக இருக்கிறது. சிறப்பாக விளையாடியவர் சிறப்பாகப் பேசவும் வல்லவரா? இவ்வினாவிற்கு இரசிகர்கள் கூறும் விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே ஆட்டம், இரு மொழிகள்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வெதுருகுப்பம் என்னும் ஊர் உள்ளது. தெலுங்கில் ‘வெதுரு’ என்றாலும் பழந்தமிழில் ‘வெதிர்’ என்றாலும் மூங்கில் என்றே பொருள். தமிழ்நாட்டை அடுத்துள்ள இவ்வட்டாரத்தில் தெலுங்குடன் தமிழும் செவியில் விழுவதுண்டு.

இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தார் கிரிக்கெட் காண அமர்ந்தால், ஒரே ஆட்டத்தின் வருணனையை இரு மொழிகளிலும் கேட்க இயலும். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் தமிழுக்கெனத் தனி அலைவரிசையைத் தொடங்கியது. 2018ஆம் ஆண்டில் தெலுங்கு அலைவரிசையும் வந்தது. தெலுங்கில் எம்.எஸ்.கே. பிரசாத், அம்பதி ராயுடு ஆகியோரும், தமிழில் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், பத்ரிநாத், லட்சுமிபதி பாலாஜி ஆகியோரும் வருணனை செய்துள்ளனர். இவர்கள் அனைவரும் இந்திய அணிக்காக விளையாடியவர்கள்.

வழக்கம் பரவிய வரலாறு

முன்னாள் வீரர்களைத் தொலைக்காட்சியில் பேசவைக்கும் வழக்கம் கால்பந்து ஆட்டத்தால் பெரிதும் வளர்ந்தது. 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அப்போது இங்கிலாந்தின் ஐ.டி.வி. நிறுவனம், ஆட்டக்காரர்களையும் பயிற்றுநர் ஒருவரையும் ஒன்றாக அமரவைத்து விவாதிக்கச் செய்தது. அவர்களுடைய ஒளிவுமறைவற்ற பேச்சு மக்களைக் கவர்ந்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

1986ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆறு கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் இங்கிலாந்து வீரர் கேரி லினேக்கர். அவரே 1999 முதல் 2025 வரை பி.பி.சி.யின் புகழ்பெற்ற கால்பந்து நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். களத்தில் விளையாடிய ஆண்டுகளைவிடத் தொலைக்காட்சியில் அவர் பணியாற்றிய ஆண்டுகள் மிகுதி.

இருவகைப் பணிகள்

வருணனை அறையில் இருவகைப் பணிகள் உள்ளன. ஒருவர் நிகழ்வதை அவ்வப்போது எடுத்துரைப்பார். இவர் நேர்முக வருணனையாளர். மற்றொருவர் அந்நிகழ்வு ஏன் நேர்ந்தது என்பதை விளக்குவார், இவர் கருத்துரையாளர். முன்னாள் வீரர்கள் பெரும்பாலும் இரண்டாம் பணியையே ஏற்கின்றனர்.

வானொலி கேட்போருக்குக் களம் தெரியாது. ஆதலால் பந்து சென்ற திசை முதல் வானத்தின் நிலை வரை அனைத்தையும் சொற்களால் காட்ட வேண்டும். தொலைக்காட்சியிலோ பந்து எல்லைக்கோட்டைக் கடப்பதைச் சிறுவரும் காண்பர். அதையே மீண்டும் கூறுவதால் பயனில்லை. கண்ணுக்குப் புலப்படாத காரணத்தைக் கூறுவதே அங்கு வருணனைக்கு மதிப்பைத் தரும்.

பாராட்டுவோர் கூற்று

முன்னாள் வீரர்களைப் போற்றுவோர் அவர்களுடைய பட்டறிவையே முதன்மையாகச் சுட்டுகின்றனர். 1983ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 38 ஓட்டங்கள் எடுத்தவர் ஸ்ரீகாந்த். அவ்வாட்டத்தில் எவரும் அதைவிட மிகுதியாக எடுக்கவில்லை. இறுதியாட்டத்தின் அழுத்தத்தைப் பற்றி அத்தகையவர் பேசும்போது, அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. வேகப்பந்து வீச்சாளர் பந்தின் வேகத்தைக் குறைக்கும்போது விரல்களை எவ்வாறு வைக்கிறார் என்பதைப் பாலாஜி போன்ற பந்துவீச்சாளரே தெளிவாக விளக்க இயலும் என்பது இவர்கள் கருத்து.

குறை கூறுவோர் கூற்று

மாற்றுக் கருத்துடையோரும் பலர். முன்னாள் வீரர் தாம் ஆடிய அணிக்குச் சார்பாகப் பேசுகிறார் என்பது அவர்கள் கூறும் முதற்குறை. பழைய நண்பரின் பிழையை மென்மையாகக் கடந்துவிடுகிறார் என்பதும், ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கி நிகழும் ஆட்டத்தை மறந்துவிடுகிறார் என்பதும் பிற குறைகள்.

பட்டறிவும் பிழைபடலாம். 1995ஆம் ஆண்டு பருவத்தின் முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணி தோற்றது. அவ்வணியில் இளைஞர் பலர் இருந்தனர். சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல இயலாது என்னும் கருத்தை, லிவர்பூல் அணியின் முன்னாள் தலைவர் ஆலன் ஹேன்சன் தொலைக்காட்சியில் கூறினார். அப்பருவ முடிவில் அவ்விளைஞர் அணியே லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. ஆயினும் ஹேன்சன் 2014 வரை அப்பணியில் தொடர்ந்தார். ஒரு கணிப்புத் தவறினாலும், தற்காப்பு ஆட்டத்தை அவர் விளக்கிய திறத்தை இரசிகர்கள் மதித்தனர்.

விளையாடாதோர் வெற்றி

பன்னாட்டுப் போட்டிகளில் ஆடாத சிலரும் இத்துறையில் புகழ்பெற்றுள்ளனர். ஐதராபாத்தைச் சேர்ந்த ஹர்ஷா போக்ளே வேதிப் பொறியியல் பயின்றவர். மலையாளக் கால்பந்து வருணனையால் புகழ்பெற்ற ஷைஜு தாமோதரன் விளையாட்டுச் செய்தியாளர். தமிழ் வானொலியில் கிரிக்கெட்டை வருணித்த அப்துல் ஜப்பார், நாடகத்தால் குரலைப் பண்படுத்தியவர். இவர்கள் மொழியையும் குரலையும் முயன்று பயின்றனர். ஆடும் திறன் வேறு, எடுத்துரைக்கும் திறன் வேறு என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

மொழி பற்றிய கருத்து

தமிழ் வருணனையில் மற்றொரு வினாவும் எழுகிறது. ஸ்ரீகாந்தின் பேச்சு, நண்பர்கள் கூடிப் பேசுவது போன்ற சென்னைப் பேச்சுத்தமிழில் அமைந்தது. அந்த இயல்பை விரும்புவோர் உள்ளனர். ஆங்கிலக் கலப்பைக் குறைத்து, ‘மட்டையாளர்’, ‘பந்துவீச்சாளர்’, ‘ஓட்டம்’ முதலிய சொற்களை மிகுதியாக வழங்க வேண்டும் என்போரும் உள்ளனர்.

வெளிமாநிலங்களில் வளரும் தமிழ்ச் சிறுவர்களுக்கு இது சிறு செய்தியன்று. பள்ளியில் வேற்றுமொழிகளைக் கேட்கும் அவர்களுக்கு, வீட்டிற்கு வெளியே இருந்து வரும் தமிழ்க்குரல்கள் சிலவே. ஆட்ட வருணனை அவற்றுள் ஒன்று. ஆதலால் வருணனையாளர் தாம் அறியாமலேயே மொழியாசிரியராகவும் விளங்குகிறார்.

முடிவாக, முன்னாள் வீரர் என்னும் பெயர் ஒருவருக்கு வருணனை அறையின் கதவைத் திறக்கும். அங்கு நிலைத்திருக்க, நடுநிலைமையும் முன்தயாரிப்பும் தெளிந்த மொழியும் வேண்டும். உரிய இடத்தில் பேசாதிருக்கும் அடக்கமும் வேண்டும். இரசிகர்களின் பாராட்டும் குறையும் ஒருங்கே வலியுறுத்துவது இதனையே.

சொல்லும் பொருளும்

வருணனை – நிகழ்வதைச் சொற்களால் எடுத்துரைத்தல்
பட்டறிவு – அனுபவம்
நடுநிலைமை – ஒரு பக்கம் சாயாமை

சிந்தித்து எழுதுக

1. வானொலி வருணனைக்கும் தொலைக்காட்சி வருணனைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஆலன் ஹேன்சனின் கணிப்புப் பிழைத்தும் அவர் மதிக்கப்பட்டது ஏன்?
3. தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்தை ஐந்து நிமிடம் ஒலியின்றிக் கண்டு, அதனை உம் சொற்களில் தமிழில் வருணிக்க.