சேராத முன்பற்கள்

புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் புகைப்படத்தைச் சற்று உற்று நோக்குங்கள். எல்லாரும் பல் தெரியச் சிரிக்க, ஒரு பிள்ளை மட்டும் உதடுகளை இறுக மூடி நிற்கக் காணலாம். அப்பிள்ளை கொய்யாக்காயை முன்பற்களால் கடிப்பதில்லை. கடைவாய்க்குத் தள்ளியே கடிக்கும். 'ச' வரும் சொற்களைப் பேசுகையில் நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பின்பற்களைக் கடித்து மூடினாலும் முன்பற்கள் மேலும் கீழும் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதே காரணம். மருத்துவர்கள் இதனைத் 'திறந்த கடி' என்பர்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த பங்கிலிருந்து ஒரு தாய் கலங்கிய மனத்துடன் நம்மிடம் கேட்டார்: "தாடை எலும்பை அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டுமாமே, உண்மையா?" வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை என்பதே நமது மறுமொழி. தாடை எலும்பின் அமைப்பே மிகவும் பிறழ்ந்து, வளர்ச்சியும் முடிந்துவிட்ட சிலருக்கே அறுவை கூறப்படுகிறது.

விரல் சப்பும் பழக்கத்தை நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாமே விட்டுவிடுகின்றனர். ஆறு, ஏழு வயதில் நிலைப்பற்கள் முளைக்கும்போதும் அது நீடித்தால், விரல் கிடக்கும் இடத்தில் பல் முழுதும் இறங்க இயலாது. பின்பு அந்த இடைவெளியில் நாக்கு குடியேறுகிறது. விழுங்கும்போதெல்லாம் பற்களை முன்னே தள்ளுகிறது. மூக்கடைப்பால் வாய்வழி மூச்சு விடும் பிள்ளைகளுக்கும் இது நேரலாம். அவர்களை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்திருக்கக்கூடும்.

விரலில் வேப்பெண்ணெய் தடவுவதும், சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும் நம் வீடுகளில் நடப்பவையே. அச்சுறுத்தப்பட்ட பிள்ளை போர்வைக்குள் ஒளிந்து சப்புகிறது, அவ்வளவுதான். அன்பாகப் பேசி, உறங்கும்போது கைக்கு மெல்லிய உறை மாட்டிப் பாருங்கள். காலத்தில் பழக்கம் நின்றால், பல சிறுவர்க்கு இடைவெளி தானாகவே குறைகிறது. நிற்காவிடில், நாக்கும் விரலும் முட்டாதபடி முன்பற்களின் பின்னே சிறு தடுப்புக் கம்பி பொருத்துவர். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்து விழுங்கவும் பயிற்சி தருவர்.

வளர்ந்தவர்க்குப் பற்களில் கம்பி கட்டி, சிறு ரப்பர் வளையங்களால் இழுத்துச் சேர்ப்பதுண்டு. 1999-இல் ஜப்பானிய மருத்துவர்கள் தாடை எலும்பில் பதித்த சிறு தட்டுகளின் பிடிமானத்தில் கடைவாய்ப் பற்களை உள்ளே அழுத்தித் திறந்த கடியை மூடிய முறையை வெளியிட்டனர். கதவின் கீல் பக்கம் சிறிது நகர்ந்தால் மறுமுனை மிகுதியாக அசைவதுபோல, பின்பல் சிறிது தாழ முன்வாய் நன்றாக மூடுகிறது. இன்று இதற்குச் சிறு திருகாணிகளும் பயன்படுகின்றன. ஊசி மருந்தால் ஈறு மரத்த நிலையில் அவற்றைப் பொருத்திவிடலாம்.

நம் பகுதியினர்க்குச் சென்னைக் கோட்டை இரயில் நிலையத்தின் எதிரேயுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி எட்டும் தொலைவிலேயே உள்ளது. 1953-இல் தொடங்கிய நிறுவனம் அது. கம்பிச் சிகிச்சை ஓரிரு ஆண்டுகள் நீடிப்பதாலும், மாதந்தோறும் செல்ல நேர்வதாலும், முறைவேலை பார்க்கும் தந்தைக்கு விடுப்பு எளிதன்று. சுமை தாயின்மேல் விழுகிறது. தொடங்குமுன் இருவரும் கலந்து பேசிக்கொள்க. கம்பியைக் கழற்றிய பின்னும் பற்களை நிலைநிறுத்தும் தகட்டை மருத்துவர் சொன்ன காலம்வரை அணிய வேண்டும். நாக்கு பழைய வழக்கத்துக்குத் திரும்பினால் இடைவெளியும் திரும்பிவிடும்.