முடிச்சில் இருக்கிறது உயிர்

கோலார் தங்கவயல்காரர்களுக்குக் கயிற்றின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கப் பணி நிற்கும்வரை, 3,000 மீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் - பெரும்பாலும் தமிழர்கள் - இறங்கியது எஃகு வடத்தில் தொங்கிய கூண்டில்தான். அந்த வடத்தில் முடிச்சு கிடையாது. நுனியை உலோகப் பூணில் இறுக்கியிருப்பார்கள். குறித்த காலத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் பூட்ட வேண்டும் என்பது சுரங்க விதி. நுனியை அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

கிணற்றில் தூர் வார இறங்குபவருக்குப் பூண் ஏது? அவருக்கு நுனி என்பது முடிச்சுதான்.

முடிச்சுகளில் பேர்பெற்றது கப்பற்காரர்களின் 'போலின்'. இது உருவிக்கொள்ளாத சுருக்கு. சாரணர்கள் இதை முயல் கதையாகப் படிப்பார்கள்: வளையிலிருந்து வெளியே வந்த முயல், மரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி வளைக்குள் நுழைகிறது. எவ்வளவு பாரம் தாங்கிய பிறகும் சுலபமாக அவிழ்வது இதன் சிறப்பு. சிக்கலும் அங்கேதான். பாரம் இருக்கும்வரை பிடிக்கும். கயிறு தளர்ந்து ஆடினால், அதுவும் வழவழப்பான நைலானாக இருந்தால், தானாகவே நெகிழும்.

இதற்குப் பரிகாரங்கள் மூன்று. மிஞ்சிய வாலால் பக்கத்துக் கயிற்றில் ஒரு காப்பு முடிச்சு போடலாம். எளிது, ஆனால் காப்பு முடிச்சே நெகிழக்கூடும். இரண்டாவது, மலையேறிகளின் 'யோசெமிட்டி' முறை: வாலைச் சுருக்கின் ஒரு காலைச் சுற்றி, மேலே உள்ள வளைவுக்குள் திருப்பிச் செருகுவது. கச்சிதமானது. ஆனால் மூல முடிச்சை இறுக்கும் முன் வாலை இழுத்தால் முடிச்சின் வடிவமே குலைந்துவிடும். மூன்றாவது, முயல் வளையை இரட்டையாகச் சுற்றும் 'இரட்டை போலின்'. பிடி கூடும், வால் வெளியேறுவதை முற்றிலும் தடுக்காது. எனவே இரட்டை போலினோடு காப்பு முடிச்சும் சேர்வதே நல்லது.

உயிரே தொங்கும் இடத்தில் எட்டு வடிவ முடிச்சு இன்னும் மேல். பாரம் ஏறினால் அவிழ்ப்பது கடினம்தான். ஆனால் தளர்ந்தாலும் லேசில் நெகிழாது. பிழையாகப் போட்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எந்த முடிச்சானாலும் இடுப்பில் வெறும் கயிற்றைக் கட்டித் தொங்குவது ஆபத்து. உடலைத் தாங்கும் வார்ப்பட்டை வேண்டும்.

பாரம் ஏற்றி இழுத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். தளர்த்தி, உலுக்கிப் பார்ப்பது மீதி. அதற்குப் பிறகும், போட்டவர் அல்லாத இன்னொருவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.